தொடக்கத் தேதி

பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கோ, ஒரு வங்கியிலிருந்து வேறொரு வங்கிக்கோ மாற்றிக் கொடுப்பதை ஒரு தொழில் என்று சொன்னால் நகைப்பவர்கள் இந்நாளில் பெருகிவிட்டார்கள். மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அருகே குடியிருந்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அஞ்சலகச் சேமிப்புப் பிரிவின் நாற்காலியிலேயே உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் தெருவுக்கு விருந்தாக வந்திருந்த ஒரு வங்கி இளைஞர், ஒரு பெரியவருடைய கணக்கு மாற்றத்துக்காக நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இதுக்குப் போயா சார் இவ்வளவு மெனக்கெடுறீங்க? அங்க குளோஸ் பண்ணிட்டு இங்க புதுசா ஓபன் பண்ணிட்டாப் போச்சு" என்றார். அவர் நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார். ஆயினும், ஒரு தலைமுறை முழுவதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றி வந்த ஒரு விஷயத்தை அவ்வளவு எளிதாகத் தட்டிவிட்ட அந்த வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டபடியால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

குளோஸ் பண்ணிவிட்டு ஓபன் பண்ணினால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதிர்வுக்கு முன்பே கணக்கை முடிக்க வேண்டுமானால் ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். கடும் நோய், மேற்படிப்பு, வெளிநாட்டுவாசியாக மாறுதல் ஆகிய காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். வட்டியிலும் ஒரு சதவீதம் பிடித்தம் உண்டு. முதிர்ந்த கணக்காகவே இருந்து, 12 லட்ச ரூபாயை அந்தப் பெரியவர் கையில் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,50,000 ரூபாய்க்கு மேல் செலுத்த இடமில்லாத ஒரு திட்டத்தில் அந்தத் தொகையைத் திரும்ப உள்ளே கொண்டு சேர்க்க எட்டு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரையில் வெளியே கிடக்கும் பணத்துக்கு வரும் வட்டி வருமானத்தோடு சேரும், வரிக்கு உட்படும். புதிய கணக்கோ இன்னொரு பதினைந்து ஆண்டுக்குப் பூட்டப்பட்டுவிடும். எழுபது வயதை நெருங்கும் ஒருவருக்கு இதைச் செய்யச் சொல்வது உபகாரமா என்பதை அந்த இளைஞரே யோசித்துப் பார்க்கட்டும்.

1968-ஆம் ஆண்டில் இந்தத் திட்டம் பிறந்தபோது வட்டி 4.8 சதவீதமாக இருந்தது. நான் உத்தியோகத்தில் ஊன்றிய காலத்தில் அது 12 சதவீதம். 1986 முதல் 2000-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் அசையாமல் அங்கேயே நின்றது. பிறகு 11, 9.5, 9, 8 என்று படிப்படியாக இறங்கிற்று, இடையில் 8.8 வரை சற்றே தலை தூக்கி, 2020 ஏப்ரல் முதல் 7.1-இல் வந்து நிற்கிறது. புதிய வரி முறையில் முதலீட்டுக்கான கழிவு கிடையாது என்பதைச் சொல்லி, இதற்கு இனி என்ன மதிப்பு என்று கேட்பவர்களும் உண்டு. வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை அந்த முறையிலும் அப்படியே நிற்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ராஜபாளையத்து நூற்பாலைகளுக்குப் பஞ்சும் உதிரிப் பாகமும் கொடுத்து வாங்கும் சிறு வியாபாரிகள், சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்விக்கும் குடும்பத்தார், பால்கோவா அடுப்புக்கு முன் ஆயுள் முழுவதும் நின்றவர்கள், டியூஷன் சொல்லிக் கொடுத்தே பிள்ளைகளை ஆளாக்கிய டீச்சரம்மாக்கள், இவர்களுக்கெல்லாம் பி.எஃப். பிடித்தம் செய்ய முதலாளி என்று ஒருவர் கிடையாது. கடன்காரன் நீதிமன்றத்துக்குப் போய் டிக்ரி வாங்கி வந்தாலும் ஜப்தி செய்ய முடியாத பணம் என்று சட்டமே எழுதிவைத்த பாதுகாப்பு இந்தக் கணக்குக்கு உண்டாகையால், வியாபாரத்தில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறிக் கண்ட குடும்பங்கள் இதைத்தான் கடைசிக் கையிருப்பாகப் போற்றி வந்திருக்கின்றன.

இவர்கள் ஏன் கணக்கை மாற்றுகிறார்கள் என்பதில் எனக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லை. மகன் சென்னையிலோ பெங்களூரிலோ குடியேறிவிடுகிறான். வயதானவர்களை அங்கே அழைத்துக்கொள்கிறான். வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் பணம் கட்டும் வசதியை வங்கி தருகிறது. 2011 டிசம்பர் முதல் பி.பி.எஃப். வசூலுக்கு முகவர்களுக்குக் கமிஷன் இல்லை என்று ஆனபிறகு, வீடு தேடி வந்து பணம் வாங்கிப் போனவர்களும் இதை மறந்துவிட்டார்கள். மாறுவது சந்தாதாரரின் உரிமை. அந்த உரிமையைச் சேதமின்றி நிறைவேற்றிக் கொடுப்பது எழுத்தரின் கடமை. மாற்றத்தின்போது பணம் எங்கும் போவதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அஞ்சலகத்தில் இருந்தபோதும் அது இந்திய அரசாங்கத்தின் கணக்கில் இருந்தது. வங்கிக்குப் போன பிறகும் அங்கேயேதான் இருக்கிறது. எழுதி வைப்பவர்தான் மாறுகிறார். ஆகவே ஒரு நாள் வட்டியும் நிற்கக் கூடாது, ஒரு நாள் வயதும் குறையக் கூடாது என்பது தர்க்கத்தாலும் விதியாலும் பெறப்படுகிற முடிவு. மாற்றப்பட்ட கணக்கு தொடர்கணக்காகவே கருதப்பட வேண்டும் என்று விதியும் தெளிவாகக் கூறுகிறது.

இந்த ஞானத்தை எனக்குப் புகட்டியவர், வத்திராயிருப்பிலிருந்து தினந்தோறும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த ஒரு தலைமை எழுத்தர். மெலிந்த தேகம், உரத்த குரலே கிடையாது, ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாரானால் நாங்கள் செய்த கணக்கில் ஏதோ பிழை என்று பொருள். மாற்ற விண்ணப்பம் வந்ததும் அவர் முதலில் செய்யும் காரியம், நடப்பு ஆண்டின் ஏப்ரல் முதல் அந்த மாதம் வரையில் ஒவ்வொரு மாதத்துக்கும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரையில் இருந்த மிகக் குறைந்த இருப்பைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதச் சொல்வது. ஆண்டு வட்டி மார்ச் 31-ஆம் தேதிதான் வரவு வைக்கப்படும். ஆண்டின் நடுவே போகும் கணக்குக்கு அதைக் கணக்கிட்டுத் தர வேண்டியவர் வாங்கிக்கொள்ளும் அலுவலகத்தார். அவர்களிடம் லெட்ஜர் இராது. நாம் அனுப்பும் காசோலையில் இருப்பது ஒரே ஒரு தொகைதான். அந்தத் தொகை ஏப்ரலில் எவ்வளவு, ஜூலையில் எவ்வளவு என்று அது பேசாது. இந்த மாதவாரிப் பட்டியல் உறைக்குள் போகாவிட்டால், அங்கே உள்ளவர் காசோலை வசூலான தேதியிலிருந்து வட்டி போடுவார். அதற்கு முந்தைய மாதங்களெல்லாம் காற்றில் போய்விடும்.

பட்டியலை நாங்கள் எழுதி முடித்ததும் அவர் அதைப் பார்க்கமாட்டார். தாமே தனியாக ஒன்று எழுதுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அடுத்தபடியாக லெட்ஜர் நகல். சட்டப்படி சான்றொப்பமிட்ட நகல் என்றுதான் இருக்கிறது. கடைசி இரண்டு வருஷத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களும் அந்நாளில் உண்டு. அவர் அதற்கு ஒருபோதும் சம்மதிக்கவில்லை. கணக்கு தொடங்கிய ஆண்டிலிருந்து வருஷாவருஷம் முடிவிருப்பு வர வேண்டும் என்பார். ஒருமுறை, இருபது வருஷக் கணக்கை எழுதிக் கை சலித்துப்போன நான், எல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, அந்தம்மா நாளைக்குப் பாதிப் பணம் எடுக்கப் போகும்போது நாலாவது வருஷத்து இருப்பு எவ்வளவுன்னு அவன் கேப்பான். கடன் வாங்கப் போனா ரெண்டாவது வருஷத்து இருப்பக் கேப்பான். நீ எழுதாம விட்டா அந்தம்மா எங்க போயி எடுத்துக் குடுக்கும்?" என்றார். பணம் எடுக்கும் வரம்பு நான்காம் முந்தைய ஆண்டின் இருப்பிலோ முந்தைய ஆண்டின் இருப்பிலோ எது குறைவோ அதில் பாதி என்பது எனக்கும் மனப்பாடமாகத் தெரிந்த விதிதான். ஆனால் மாற்றப்படும் கணக்கின் எதிர்காலம் என் பேனா முனையில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

நகல் எழுதியானதும் ஒப்புநோக்கல். ஒருவர் லெட்ஜரைப் படிக்க, மற்றவர் பாஸ்புக்கைப் பார்த்து ஆமோதிக்க, மூன்றாமவர் நகலில் டிக் போட வேண்டும். இதில் அவர் மூன்றாமவராகவே அமர்வார். சந்தாதாரரை வரவழைத்துக் கையெழுத்து வாங்குவதும் அவர் கட்டளை. கல்யாணத்துக்கு முன் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு போட்ட கையெழுத்து, பிற்பாடு கணவர் பெயரின் முதலெழுத்தோடு மாறியிருக்கும். இங்கே எங்கள் கண்ணுக்குப் பழகிய அந்த வேறுபாடு, அறியாத ஊரில் ஒரு பெரிய ஆட்சேபமாக முளைத்துவிடும் என்று அதற்கும் தனியாக ஒரு சான்று எழுதுவார். அசல் ஃபார்ம் ஏ, வாரிசு நியமனத்துக்கான ஃபார்ம் இ, மாற்றியிருந்தால் ஃபார்ம் எஃப், பதினைந்து ஆண்டு முடிந்து நீட்டிக்கப்பட்டிருந்தால் ஃபார்ம் எச், இவ்வளவும் உறைக்குள் போகும். இணைப்புகளை வரிசை எண்ணிட்டு முகப்புக் கடிதத்தில் எழுதியாக வேண்டும். இவற்றுள் ஃபார்ம் எச்-சைப் பற்றி அவருக்கிருந்த கவலை சொல்லில் அடங்காது. முதிர்ந்து ஓர் ஆண்டுக்குள் அந்தப் படிவம் கொடுக்காமல் பணம் கட்டிக்கொண்டே போனவருக்கு அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. கொடுத்தும், அது பழைய அலுவலகத்துக் கட்டிலேயே தங்கிவிட்டதானால், கொடுத்ததற்கு ருசு இல்லை. 2019-இல் புதிய விதிகள் வந்து படிவங்களெல்லாம் எழுத்திலிருந்து எண்ணுக்கு மாறிவிட்டன; நீட்டிப்புக்கு இப்போது நான்காம் படிவம். பெயர் எதுவானாலும் அது தொலைந்தால் விளையும் தீங்கு ஒன்றுதான்.

உறை பதிவுத் தபாலில் போன பிறகும் அவர் காரியம் முடிந்ததாகக் கருதமாட்டார். ட்ரான்ஸ்ஃபர் ரிஜிஸ்டரில் அந்தப் பதிவுக்கு எதிரே ஏற்புக் கடிதத்தின் தேதி ஏறும் வரையில், திங்கட்கிழமை தோறும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். இரண்டு வாரம் தாண்டினால் நினைவூட்டுக் கடிதம் போகும். மார்ச் மாதத்தில் மாற்றம் கேட்டு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார்த்திவைத்து, "மார்ச் முடியட்டும், வட்டி ஏறட்டும். ஏப்ரல் அஞ்சாம் தேதிக்குள்ள இந்த வருஷத்துப் பணத்தை இங்கயே கட்டி பாஸ்புக்குல வரவு வாங்கிட்டு அப்புறம் எழுதிக் குடுங்க" என்று திருப்பி அனுப்புவார். முந்தைய ஆண்டின் வட்டி முழுவதும் ஏறிவிட்ட கணக்கில், புதிய அலுவலகத்தார் பிழை செய்யக்கூடிய இடம் மிகவும் குறைந்துவிடுகிறது என்பதே அதன் தாத்பரியம். இவ்வளவு எளிய, இவ்வளவு பயனுள்ள அந்த ஆலோசனையை இன்று எந்தக் கவுண்டரிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அவர் பயந்த காரியம் என் கண்ணெதிரே நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஓர் ஆசிரியை 1996 பிப்ரவரியில் அஞ்சலகத்தில் தொடங்கிய கணக்கை 2008-இல் வேறோர் ஊரிலுள்ள ஒரு வங்கிக் கிளைக்கு மாற்றிக்கொண்டார். இருப்பு சுமார் 3 லட்சம். ஆகஸ்டில் இங்கிருந்து போன காசோலையும் காகிதங்களும் அக்டோபரில் அங்கே வரவாயின. 2011 ஏப்ரலில் முதிர்வுத் தொகையைக் கேட்டுப் போனவரிடம், கணக்கு 2008-இல் தொடங்கியது, 2024 ஏப்ரலில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு நின்ற அந்தத் தாயின் நிலையை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "அண்ணாச்சி, பதினஞ்சு வருசம் கட்டுனது பொய்யா?" என்று கேட்டார்.

அந்தக் கிளையில் இருந்தவர்கள் தீயவர்கள் அல்லர். கணினியில் புதுக் கணக்கு என்ற திரையைத் திறந்திருக்கிறார்கள். தொடக்கத் தேதி என்ற கட்டத்தில் அது தானாகவே அன்றைய தேதியை இட்டிருக்கிறது. மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உறைக்குள் போன தாள்களெல்லாம் ஒரு கோப்பில் கட்டுண்டு கிடந்தன. நான் எழுதிக் கொடுத்த மனுவில் வைத்த வாதம் மிகச் சுருக்கமானது. 2008-இல் ஒருவர் ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 70,000 ரூபாய்தான் செலுத்தலாம். அப்படியிருக்க, ஒரே நாளில் 3 லட்ச ரூபாய் வரவான ஒரு கணக்கு புதிய கணக்காக எப்படி இருக்க முடியும்? புதியது என்றால் அந்த வரவே விதிமீறல். விதிமீறல் இல்லையென்றால் அது பழைய கணக்கின் தொடர்ச்சி. இதோடு பாஸ்புக்கின் முதற் பக்க நகலையும், 1996-ஆம் ஆண்டின் வட்ட முத்திரை தெரியும் முதல் வரவின் நகலையும், எங்கள் பதிவேட்டில் இருந்த அவர்களுடைய ஏற்புக் கடிதத்தின் எண்ணையும் இணைத்தோம். கிளை மேலாளர் அதைத் தம் மேலிடத்துக்கு அனுப்பினார். பலமுறை எழுதி, பலமுறை நேரில் போய் நின்ற பிறகு தேதி திருத்தப்பட்டது. பணம் கைக்கு வந்தபோது கல்யாணம் கடன் வாங்கி நடந்து முடிந்திருந்தது. 2008 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்து வட்டி, 8 சதவீத விகிதத்தில் 12,000 ரூபாய், அதற்கும் பின்னால்தான் வந்து சேர்ந்தது. மாதவாரிப் பட்டியல் அவர்களுடைய கோப்பிலேயே இருந்தது. நான் எழுதிய பட்டியல்தான் அது.

இன்றைக்குத் தொகைகள் பெருகிவிட்டன. 10 லட்ச ரூபாய்க்கு 7.1 சதவீதத்தில் ஒரு மாத வட்டி சுமார் 5,917 ரூபாய். உறை மூன்று மாதம் வழியில் கிடந்து, வாங்கியவர் வந்த தேதியிலிருந்து வட்டி போட்டாரானால் நஷ்டம் 17,750 ரூபாய். கோர் பாங்கிங் வந்தபிறகு ஓர் அஞ்சலகத்திலிருந்து மற்றோர் அஞ்சலகத்துக்கு மாற்றுவது நிமிஷ வேலையாகிவிட்டது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அஞ்சலகத்துக்கும் வங்கிக்கும் இடையில் இன்றும் காசோலையும் காகிதமும்தான் நடக்கின்றன. அந்தக் காகிதத்தை எழுதத் தெரிந்தவர்கள்தாம் இல்லாமல் போய்விட்டார்கள். எஸ்.பி.10(பி) என்ற மாற்ற விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, திரையில் தெரிகிற இருப்பை அச்செடுத்து, ஓர் இளநிலைப் பணியாளர் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார். நான் பார்த்த பல கணக்குகளில் கணினிக்கு முந்தைய ஆண்டுகளின் விவரம் திரையில் இல்லவே இல்லை. பழைய லெட்ஜர் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்குகளைச் சரிபார்க்கும் எஸ்.பி.சி.ஓ. பிரிவிலிருந்து ஓர் ஆட்சேபம் வந்துவிட்டால் இரவு தூக்கம் வராமல் தவித்தவர்கள் நாங்கள். இப்போது ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுவதே ஒரு தனித் திறமையாக மதிக்கப்படுகிறதே தவிர, ஆட்சேபம் வராமல் வேலை செய்வதை யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் 1999 முதல் ஐசா என்று ஒரு வரியில்லாச் சேமிப்புக் கணக்கு நடந்து வருகிறது. ஆண்டுக்கு 20,000 பவுன் வரையில் செலுத்தலாம். அங்கேயும் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர் பணத்தைக் கையில் எடுத்துவிடக் கூடாது; எடுத்தால் சலுகை போய்விடும்; புதிய நிறுவனத்தின் மாற்றப் படிவத்தைக் கொடுத்து, அவர்கள் மூலமாகவே வரவழைக்க வேண்டும். ரொக்கக் கணக்கானால் 15 வேலை நாட்கள், மற்றவையானால் 30 நாட்கள் என்று கெடுவும் விதித்திருக்கிறார்கள். அது போன்ற ஒரு கெடு நம்முடைய படிவத்திலும் அச்சிடப்பட்டு, அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டியைத் தாமதித்த அலுவலகமே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டால், தொடக்கத் தேதியின் கட்டத்தை எல்லோரும் சிரத்தையோடு பார்ப்பார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். இதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதியும் இருக்கிறேன்.

அந்த வங்கி இளைஞர் பார்த்த தாள்கள், சத்திரப்பட்டியைச் சேர்ந்த பெரியவர் ஒருவருடையவை. அவர் கணக்கு இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது. மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிறார். ஏப்ரல் வரையில் பொறுத்திருக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாஸ்புக்கின் முதற் பக்கத்தையும், இரண்டு நீட்டிப்புப் படிவங்களின் நகல்களையும், ஆண்டுவாரி இருப்புகளையும் இரண்டு பிரதிகளாக எடுத்து வைத்தாயிற்று. ஒன்று உறைக்குள் போகும், மற்றொன்று அவர் கையில் இருக்கும். அங்கே புதிய பாஸ்புக் கொடுத்ததும், இருப்பைப் பார்ப்பதற்கு முன்பாகத் தொடக்கத் தேதி, முதிர்வுத் தேதி, வாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் படித்து எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று அவர் மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தேதி தவறாக இருந்தால் அன்றைக்கே எழுத்தில் கொடுப்பதற்கான மனுவையும் எழுதி, உறையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.